நா. கோவிந்தசாமி

நா. கோவிந்தசாமி (ஏப்ரல் 18, 1946 - மே 26, 1999) சிங்கப்பூரைச் சேர்ந்த தமிழ் எழுத்தாளர், ஆசிரியர், தமிழ்க் கணிமை முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். கணியன் என்னும் தமிழ் மென்பொருளையும் அதற்கான விசைப்பலகை அமைப்பையும் உருவாக்கியவர். 1995 ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் வெளியிடப்பட்டபோது, அவற்றின் தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்திலேயே தோன்றக் காரணமாக இருந்தார். 1997 இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழிணையம் 97 மாநாட்டை முன்னின்று நடத்தினார். கணினி, இயங்குதளம், எழுத்துரு ஆகியவற்றால் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்திருந்த தமிழ்க் கணினிப் பயனர்களை ஒரு பொதுத் தரத்தின் கீழ்க் கொண்டுவரும் முயற்சிக்கு இம்மாநாடு தொடக்கமாக அமைந்தது. தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகைக்கு இவருடைய கணியன் விசைப்பலகை அடிப்படையாக அமைந்தது.

ஆசிரியப் பணி

கோவிந்தசாமி சிங்கப்பூரில் பிறந்தவர். 1965 இல் சிங்கப்பூர் தனிநாடானபோது மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கியது. எனினும் மக்கள்தொகையில் தமிழர் சிறுபான்மையினர். கல்வி, அலுவலகம், வணிகம் ஆகிய துறைகளில் ஆங்கிலமே மேலோங்கி நின்றது. தமிழைப் பாடமாகக் கற்கும் மாணவர் வகுப்பறைக்கு வெளியே அதனை எழுதும் வாய்ப்புக் குறைந்துகொண்டே வந்தது. இச்சூழலில் தமிழாசிரியராகப் பணியாற்றிய கோவிந்தசாமி, பின்னர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கமான தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளரானார். தமிழாசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் அது.

பள்ளிகளில் கணினி பரவத் தொடங்கிய காலத்தில் அவர் இப்பணியில் இருந்தார். ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் கணினியில் கிடைத்த வசதி தமிழுக்கும் கிடைக்காவிட்டால், புதிய கருவியில் எழுதும் தலைமுறை தமிழை விட்டு விலகிவிடும் நிலை இருந்தது. கணினித் துறையில் முறையான பொறியியல் பின்னணி இல்லாத ஒரு மொழியாசிரியர் எழுத்துரு, விசைப்பலகை, இணையம் ஆகியவற்றில் இறங்கியதன் பின்புலம் இதுவே.

இலக்கியப் பணி

கணினித் துறையில் அறியப்படுவதற்கு முன்பே கோவிந்தசாமி சிறுகதை ஆசிரியராகச் சிங்கப்பூரில் அறிமுகமாகியிருந்தார். நகரமயமாதலுக்கு உள்ளான சிங்கப்பூர்த் தமிழரின் வாழ்க்கையும் குடும்பங்களுக்குள் எழும் முரண்களும் அவருடைய கதைகளின் களமாயின. தேடி, வேள்வி, உள்ளொளியைத் தேடி ஆகியவை அவருடைய படைப்புகளுள் குறிப்பிடத்தக்கவை. 1994 இல் தாய்லாந்தில் வழங்கப்படும் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைப் பெற்றார்.

1970களில் தோன்றிய இலக்கியக் களம் என்னும் அமைப்பிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. சிங்கப்பூரில் வெளியான சிறுகதைகளை எழுத்தாளர்கள் ஒன்றுகூடி வாசித்துத் திறனாய்வு செய்வது இதன் பணியாக இருந்தது. கருத்து வேறுபாடு உடையவர்களை ஒரே அவையில் அமர்த்திப் பேசவைக்கும் இப்பழக்கம் பின்னாளில் கணினித் தமிழ்ப் பணியிலும் அவருக்கு உதவியது.

1990களில் கணினித் தமிழின் நிலை

கோவிந்தசாமியின் பங்களிப்பை அறிய, அவர் செயல்பட்ட காலத்தில் கணினியில் தமிழ் இருந்த நிலையை அறிதல் வேண்டும். யூனிகோடு எனப்படும் ஒருங்குறியின் முதற் பதிப்பில், 1991 இலேயே, தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆயினும் அதனைப் பயன்படுத்தும் ஆற்றல் அன்றைய இயங்குதளங்களுக்கு இல்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட விண்டோஸ் 2000 இல்தான் தமிழ் ஒருங்குறிக்கு ஆதரவு கிடைத்தது. அதற்கு முன்பு தமிழில் எழுத விரும்பியவர்கள் எட்டு பிட்டு எழுத்துருக்களையே நம்பியிருந்தனர்.

எட்டு பிட்டு முறையில் மொத்தம் 256 இடங்கள் உண்டு. முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்து, எண், கட்டளைக் குறி ஆகியவற்றுக்கு உரியவை. எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழின் 247 எழுத்துகளும் கிரந்த எழுத்துகளும் அடங்க வேண்டும். எனவே கொம்பு, கால், கொக்கி போன்ற துணைக்குறிகளைத் தனித்தனியே வைத்து எழுத்துகளை ஒட்டவைக்கும் முறை கையாளப்பட்டது. எந்தக் குறியை எந்த இடத்தில் வைப்பது என்பதில் பொதுவிதி ஏதும் இல்லாததால், எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தமக்கு வசதியான வரிசையைப் பின்பற்றினர். ஓர் எழுத்துருவில் ககரம் இருந்த இடத்தில் மற்றோர் எழுத்துருவில் ஒற்றைக் கொம்பு இருந்தது. சில எழுத்துருக்கள் ஆங்கிலத்துக்கு உரிய இடங்களையே தமிழுக்கு எடுத்துக்கொண்டன.

இயங்குதளங்களின் வேறுபாடு இச்சிக்கலை மேலும் பெருக்கியது. பின் 128 இடங்களுக்கு விண்டோஸ் ஓர் ஒழுங்கையும் மாக்கின்டோஷ் வேறோர் ஒழுங்கையும் கொண்டிருந்தன. ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் மாறிவிடாமல் காப்பதற்காக, மாக்கின்டோஷ் மின்னஞ்சல் மென்பொருள்கள் அவ்விடங்களின் எண்களை மாற்றி அனுப்பும். அவ்வாறு மாற்றப்பட்ட தமிழ் மடல், பெறுபவரிடம் அதே எழுத்துரு இருந்தாலும் சிதைந்தே தோன்றும். யுனிக்ஸ் வகைக் கணினிகளில் 128 முதல் 159 வரையுள்ள இடங்கள் கட்டுப்பாட்டுக் குறிகளாகக் கொள்ளப்பட்டன. அங்கு வைக்கப்பட்ட தமிழ் எழுத்துகள் திரையில் வராமல் மறைந்துபோயின. பழைய அஞ்சல் வழங்கிகள் சில எட்டாம் பிட்டையே நீக்கிவிட்டு மடலை முன்னனுப்பின.

விசைப்பலகையின் நிலையும் இதுவே. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வழிவந்த முறை, ஆங்கில ஒலியை ஒட்டித் தட்டெழுதும் முறை, ஒவ்வொரு மென்பொருளுக்கும் உரிய தனிமுறை எனப் பல அமைப்புகள் வழக்கில் இருந்தன. ஒரு மென்பொருளில் பழகிய விரல்கள் மற்றொன்றில் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது.

மின்னஞ்சல் குழுக்களும் பிரிவினையும்

இச்சிக்கல் மிகுதியாக உணரப்பட்ட இடம் மின்னஞ்சல் குழுக்களாகும். தனியாக நூல் அச்சிடுபவருக்குத் தம்மிடம் உள்ள எழுத்துரு போதுமானது. பலர் ஒருவருக்கொருவர் எழுதும் குழுவிலோ எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் ஒரே ஏற்பாடு இருந்தாக வேண்டும். யூசுநெட்டில் இயங்கிய தமிழ்ப் பண்பாட்டுச் செய்திக்குழுவில் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளிலேயே எழுதப்பட்டன. 1990களின் நடுப்பகுதியில் ஆத்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மின்னஞ்சல் குழு, தமிழ் எழுத்திலேயே உரையாட வழி செய்தது. அதில் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் பெரிதும் பயன்பட்டது.

இதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவையும், கனடாவின் மொண்ட்ரியாலில் வாழ்ந்த கு. சீனிவாசன் ஆதமி, ஆதவின் ஆகிய மென்பொருள்களையும் வெளியிட்டிருந்தனர். இலங்கைத் தமிழரிடையே பாமினி எழுத்துரு பரவியிருந்தது. தமிழ்நாட்டில் அச்சகங்களும் இதழ்களும் வணிக நிறுவனங்களின் எழுத்துருக்களைப் பயன்படுத்தின. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு பயனர் வட்டம் உருவானது. நாடோ கருத்தோ மட்டும் அவ்வட்டங்களைப் பிரிக்கவில்லை. எவரிடம் எந்தக் கணினி, எந்த எழுத்துரு இருந்தது என்பதும் அவர் யாருடைய மடலைப் படிக்கமுடியும் என்பதை முடிவுசெய்தது.

கணியன்

கோவிந்தசாமி உருவாக்கிய மென்பொருளின் பெயர் கணியன். இப்பெயர் காலத்தைக் கணிப்பவனைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லாகும். சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரையும் கணினியையும் ஒருசேர நினைவூட்டுவது.

கணியனின் சிறப்பு அதன் விசைப்பலகை அமைப்பாகும். தட்டச்சுப் பொறியின் வழிவந்த முறையில் எழுத்தின் வடிவமே அடிப்படை. கொ என்னும் எழுத்தைப் பெற ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் இடவேண்டும். கணியன் தமிழ் இலக்கணம் கூறும் உயிர், மெய், உயிர்மெய் என்னும் பகுப்பை அடிப்படையாகக் கொண்டது. உயிரெழுத்துகளுக்கும் மெய்வரிசைக்கும் மட்டும் விசைகள் இருந்தால் போதும். ககர விசையை அடுத்து ஒகர விசையைத் தட்டினால் கொ என்னும் எழுத்தை மென்பொருளே அமைத்துவிடும். பள்ளியில் எழுத்தறிவிக்கும் முறையும் தட்டெழுதும் முறையும் ஒன்றாவதால், மாணவர் எழுத்துத் துண்டுகளின் இடங்களைத் தனியே மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. ஆங்கில ஒலிபெயர்ப்பை நாடவேண்டிய தேவையும் இல்லை.

இவ்வமைப்பின் மற்றொரு பயன் அது எழுத்துருவைச் சாராதது என்பதாகும். வடிவத் துண்டுகளைத் தட்டும் முறையில் எழுத்துரு மாறினால் விசைகளும் மாறக்கூடும். உயிர், மெய் ஆகியவற்றைத் தட்டும் முறையில் பின்னணியில் உள்ள குறியேற்றம் எதுவாயினும் விரல்களின் வேலை ஒன்றே.

இணையத்தில் தமிழ்

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பு ஒன்று ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் இணையத்தில் வெளியிடப்பட்டது. அதனை அப்போதைய சிங்கப்பூர்க் குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். இதன் தொழில்நுட்பப் பணியில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோருடன் கோவிந்தசாமி இணைந்து பணியாற்றினார். இத்தொகுப்பின் தமிழ்ப் பகுதி, இணையத்தில் தமிழ் எழுத்தில் வெளியான முதற் பக்கமாகப் பலராலும் கருதப்படுகிறது. இதனைத் தொடர்ந்து தமிழ்வெப் என்னும் தளமும் சிங்கப்பூரிலிருந்து இயங்கியது.

ஒரு நாட்டின் ஆட்சிமொழிகள் நான்கும் ஒரே நேரத்தில் இணையத்தில் இடம்பெற்றது தமிழுக்கு வாய்ப்பாக அமைந்தது. சீன மொழிக்கான தொழில்நுட்பத்தில் செலவிடப்பட்ட உழைப்பின் பயன் தமிழுக்கும் கிட்டியது.

தமிழிணையம் 97

1997 மே 17, 18 ஆகிய நாள்களில் சிங்கப்பூரில் தமிழிணையம் 97 மாநாடு நடைபெற்றது. தமிழும் இணையமும் பற்றிய முதற் பன்னாட்டு மாநாடு இதுவாகும். கோவிந்தசாமி இதன் முதன்மை அமைப்பாளராக விளங்கினார். அதுவரை மின்னஞ்சலில் மட்டும் அறிமுகமாகியிருந்த எழுத்துரு வடிவமைப்பாளர்களும் மென்பொருள் உருவாக்குநர்களும் கல்வியாளர்களும் பல நாடுகளிலிருந்து வந்து நேரில் கூடினர். தமிழ்நாட்டிலிருந்து கல்வியாளர் மு. ஆனந்தகிருஷ்ணன் கலந்துகொண்டார்.

எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியேற்றம் எது, பொதுவான விசைப்பலகை எது என்பவை மாநாட்டின் மையக் கேள்விகள். இவற்றுக்கு இரண்டு நாள்களில் விடை காண இயலவில்லை. பொதுத் தரம் எதுவாயினும், ஏற்கெனவே மென்பொருள் செய்து பயனர்களைப் பெற்றிருந்தவர்கள் தம் உழைப்பின் ஒரு பகுதியைக் கைவிட வேண்டியிருந்தது. கணியனை உருவாக்கிய கோவிந்தசாமிக்கும் இது பொருந்தும். எனினும் பொதுத் தரம் தேவை என்பதில் ஒருமித்த கருத்து ஏற்பட்டது.

மாநாட்டுக்குப் பின் இம்முயற்சி இரு வழிகளில் தொடர்ந்தது. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் முதலியோர் இதற்கென அமைந்த மின்னஞ்சல் குழுவின் வழியாக நீண்ட விவாதங்களை நடத்தி, திஸ்கி எனப்படும் குறியேற்றத்தை உருவாக்கினர். விண்டோஸ், மாக்கின்டோஷ், யுனிக்ஸ் ஆகிய மூன்றிலும் சிதையாத இடங்கள் எவை என்பதை ஆராய்ந்து எழுத்துகளை அமைத்தது இதன் சிறப்பு. மற்றொரு புறம் தமிழ்நாடு அரசு வல்லுநர் குழுக்களின் வழியாகத் தரப்படுத்தும் பணியை மேற்கொண்டது.

தமிழிணையம் 99

1999 பிப்ரவரி 7, 8 ஆகிய நாள்களில் தமிழ்நாடு அரசின் ஆதரவுடன் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடைபெற்றது. அப்போது மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தார். தமிழுக்கு மட்டுமான டாம், தமிழும் ஆங்கிலமும் இணைந்த டாப் ஆகிய இரு குறியேற்றங்களும் தமிழ்99 என்னும் விசைப்பலகையும் இம்மாநாட்டின் வழியாக முன்வைக்கப்பட்டன. மின்னஞ்சல் குழுவில் உருவான திஸ்கியும் அரசு ஏற்ற டாம், டாப் முறைகளும் வேறுவேறாக இருந்தமையால், குறியேற்றத்தில் முழு ஒற்றுமை ஏற்படவில்லை. இணையக் குழுக்களில் திஸ்கி தொடர்ந்து வழங்கியது.

விசைப்பலகையில் ஒற்றுமை எளிதாயிற்று. தமிழ்99 அமைப்பு கணியன் விசைப்பலகையை அடிப்படையாகக் கொண்டு, சில மாற்றங்களுடன் வகுக்கப்பட்டது. அதில் உயிரெழுத்துகள் இடக்கையின் பக்கமும், மெய்வரிசையின் பெரும்பகுதி வலக்கையின் பக்கமும் அமைந்துள்ளன. அ, இ, உ, எ ஆகிய உயிர்களும் க, ப, ம, த, ந, ய ஆகியவையும் விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில் இடம்பெற்றுள்ளன. ஒரே மெய்வரிசை விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி இடப்படும். எடுத்துக்காட்டாக, அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ ஆகிய நான்கு விசைகள் போதும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் இவ்வாறே புள்ளி தோன்றும். த, ந, த, ஐ எனத் தட்டினால் தந்தை என்னும் சொல் கிடைக்கும். தமிழ்ச் சொற்களில் இத்தகைய மெய்ம்மயக்கங்கள் மிகுதி. ஆதலால் தட்ட வேண்டிய விசைகளின் எண்ணிக்கை குறைகிறது.

மறைவு

சென்னை மாநாடு முடிந்து நான்கு மாதங்கள் நிறைவடையும் முன்னரே, 1999 மே 26 அன்று நா. கோவிந்தசாமி காலமானார். அப்போது அவருக்கு வயது 53. சில வாரங்களில், அதே ஆண்டு சூன் மாதத்தில், தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் தரமாக ஏற்கும் ஆணையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. சென்னைத் தலைமைச் செயலகத்தில் தட்டெழுதப்பட்ட கோப்பு, விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ள வானூர் வட்ட அலுவலகத்துக் கணினியிலும் மாற்றமின்றித் திறக்கவேண்டும் என்பதே இத்தகைய தரத்தின் நடைமுறைப் பொருளாகும். தம்முடைய விசைப்பலகை அமைப்பு அரசுத் தரமானதைக் கோவிந்தசாமி காணவில்லை.

பின் நிகழ்வுகள்

2000 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மீண்டும் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றபோது, உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. ஒவ்வொரு மென்பொருளையும் சுற்றி அமைந்த பழைய வட்டங்களுக்கு மாறாக, கலைச்சொல், ஒருங்குறி, லினக்ஸ் இயங்குதளம் எனப் பொருள்வாரியான பணிக்குழுக்கள் இதன்கீழ் அமைக்கப்பட்டன. விண்டோஸ் பயனரும் லினக்ஸ் பயனரும் வேறுவேறு சிக்கல்களை வெவ்வேறு குழுக்களில் ஆராய்ந்தாலும், அவற்றின் முடிவுகள் ஒரே தரத்தை நோக்கிச் செல்லுமாறு இவ்வேற்பாடு அமைந்தது.

இயங்குதளங்கள் ஒருங்குறியை ஏற்றபின் எட்டு பிட்டுக் குறியேற்றங்களின் தேவை குறைந்தது. 2010 இல் கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் பதினாறு பிட்டு அனைத்தெழுத்து முறையையும் தரமாக அறிவித்தது. 1990களில் கடும் விவாதத்துக்கு உள்ளான டாம், டாப், திஸ்கி ஆகியவை பழைய கோப்புகளை மாற்றுவோர் மட்டும் அறியவேண்டியவை ஆயின. கணியனின் எழுத்துருவும் அவ்வாறே வழக்கிழந்தது.

தாக்கம்

நா. கோவிந்தசாமியின் பணிகளுள் நீடித்து நிற்பது விசைப்பலகை அமைப்பாகும். தமிழ்99 குறியேற்றத்தைச் சாராமல் இலக்கணத்தைச் சார்ந்திருந்ததால், திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறியவர்கள் தட்டெழுதும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கணினிகளுக்கு வகுக்கப்பட்ட அவ்வமைப்பு பின்னர்க் கைப்பேசிகளுக்கும் வந்தது. 2013 இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனின் ஏழாம் இயங்குதளத்தில் தமிழ் விசைப்பலகைகளைச் சேர்த்தபோது அவற்றுள் தமிழ்99 உம் ஒன்றாக இருந்தது.

தமிழிணையம் 97 ஐத் தொடர்ந்து தமிழ் இணைய மாநாடுகள் சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் முதலிய நகரங்களில் நடைபெற்றன. தமிழுக்கான தொழில்நுட்பத் தரங்களை எந்த ஒரு நாடும் நிறுவனமும் தனியே முடிவுசெய்யாமல், பல நாட்டுத் தமிழரும் கூடிப் பேசி முடிவுசெய்யும் வழக்கம் அவற்றின் வழியாக நிலைபெற்றது. சிறுகதை ஆசிரியராகவும் தமிழாசிரியராகவும் வாழ்வைத் தொடங்கிய நா. கோவிந்தசாமி, அவ்வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களுள் முதன்மையானவராகத் தமிழ்க் கணிமை வரலாற்றில் இடம்பெற்றுள்ளார்.